சுரண்டாத சுவர்

ஆவுடையப்பன் கேட்ட கேள்விக்குச் செண்பகத்தம்மா உடனே பதில் சொல்லவில்லை.

"மனுஷன் மாற முடியுமாம்மா?"

இவ்வளவுதான் கேள்வி. திங்கட்கிழமைக் கூட்டம் கலைந்து, மடத்தில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டார். செண்பகத்தம்மா கஞ்சிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"தலையில என்ன அண்ணாச்சி, பச்சையா?"

ஆவுடையப்பன் தலையைத் தடவினார். காதுக்கு மேலே முடி விறைத்துக் காய்ந்திருந்தது.

"பெயின்ட்டும்மா. வீட்டுக்கு வெள்ளையடிக்கேன்."

"வெள்ளையடிக்கீயளா, பச்சையடிக்கீயளா?"

அவர் சிரிக்கவில்லை. செண்பகத்தம்மா பானையைக் கவிழ்த்து வைத்தார்.

தாமிரபரணிக் கரையில் இருக்கிற அந்த மடம் பெரிய மடம் ஒன்றும் இல்லை. இரண்டு அறை, ஒரு அடுப்படி, ஒரு கிணறு. செண்பகத்தம்மா அங்கே வந்து தனியாகத் தங்கி, வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றி, கேட்கிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருந்தும் இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் குரு, யார் சீடர் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும்.

"எதுக்கு இப்ப திடீர்னு பெயின்ட்டு?" என்றார் செண்பகத்தம்மா.

"வடிவு வாரா."

வடிவு அவருடைய மனைவி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கைப்பையோடு தென்காசிப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போனவள். அதற்குப் பிறகு வரவில்லை.

"அவளோட அண்ணன் மகன் போன் பண்ணினான். தை பிறந்ததும் அத்தை அங்க வரணும்னு சொல்லுதாங்க, மாமா இருப்பீயளான்னு கேட்டான். நான் எங்கம்மா போகப்போறேன்?"

"தங்கவா வாராக?"

"பின்னே?"

செண்பகத்தம்மா கையைத் துடைத்தார். "நாளைக்கு வந்து வீட்டைப் பாக்கேன்" என்றார்.

ஆவுடையப்பனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். கூட்டுறவுப் பண்டகசாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் நிற்கிற கிழவிகளைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். கடையில் யாரிடமும் குரலை உயர்த்தியது கிடையாது. சாயந்தரம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அந்தத் தங்கமான மனுஷனையும் சேர்த்துக் கழற்றி மாட்டிவிடுவார். ஊர் பார்த்தது ஒருவரை. வடிவு குடும்பம் நடத்தியது வேறு ஒருவரோடு. இது செண்பகத்தம்மாவுக்குத் தெரியுமா என்று ஆவுடையப்பனுக்குத் தெரியாது. இவர் சொன்னதில்லை, அவர் கேட்டதும் இல்லை.

மறுநாள் காலையில் தூறல். செண்பகத்தம்மா குடையை மடக்கி வாசலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். வீடு முழுக்கப் பெயின்ட் வாடை.

ஆவுடையப்பன் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முன்னால் நடந்தார். முன்கூடம் இளம்பச்சை. உள்ளறையும் அதேதான். ஜன்னல் கதவுகளுக்கு வெள்ளை. சாப்பிடும் கூடத்தில் இரண்டு சுவர் முடிந்திருந்தது, இன்னும் இரண்டு பாக்கி. மரப்பெஞ்சும் நாற்காலிகளும் நடுவில் குவிந்து கிடந்தன. உள்ளறை மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு மரப் பீரோ சாக்லேட் நிறத்தில் நின்றது.

"இதெல்லாம் தேய்ச்சு, பாலிஷ் போட்டுருவேன். வந்து பாக்கும்போது பழசு ஒன்னும் இருக்கக் கூடாது."

"நிறம் அவுகளுக்குப் பிடிச்சதா?"

"பச்சை குளிர்ச்சிதானேம்மா."

"அவுகளுக்குப் பிடிக்குமான்னு கேட்டேன்."

ஆவுடையப்பன் யோசித்தார். வடிவு என்ன நிறத்தில் சேலை எடுப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். தீபாவளிக்குச் சேலை எடுத்ததெல்லாம் அவர்தான். பண்டகசாலையில் வந்ததில் ஒன்றை எடுத்து வருவார், அவள் உடுத்துவாள்.

செண்பகத்தம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுப்படிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், புதுப் பெயின்ட் லேசாக உப்பியிருந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். அப்பளம் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து தரையில் விழுந்தது.

"தொடாதீங்க!"

சத்தம் கூடத்தில் மோதித் திரும்பியது. ஆவுடையப்பனின் கையில் சுவருக்குப் பட்டி பூசுகிற இரும்புத் தகடு இருந்தது. அந்தக் கை தோளுக்கு மேலே போயிருந்தது.

செண்பகத்தம்மா பின்வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். ஆவுடையப்பனும் தன் கையைப் பார்த்தார். பிறகு அதை இறக்கினார்.

"கை தானா வந்துட்டும்மா."

"ஆமா. பழகின வழி."

 ஆவுடையப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார். நேற்று கேட்ட கேள்விக்கு இன்றைக்கு அவரே பதில் சொல்லிவிட்டது போல் இருந்தது. அவமானமாக இருந்தது.

செண்பகத்தம்மா கீழே விழுந்த துண்டை எடுத்துத் திருப்பினார். முன்பக்கம் வழவழவென்று பச்சை. பின்பக்கம் பழைய சுண்ணாம்பு பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது.

"புதுப் பெயின்ட்டு நல்லாத்தான் பிடிச்சிருக்கு அண்ணாச்சி. சுண்ணாம்பைப் பிடிச்சிருக்கு. சுவரை இல்ல."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"நான் பண்டகசாலையில பெயின்ட்டு வித்தவன்லா. பழைய சுண்ணாம்பைச் சுரண்டாம அடிச்சா நிக்காதுன்னு வாங்க வந்தவன் அத்தனை பேர்ட்டயும் நானே சொல்லியிருக்கேன்."

"பின்ன ஏன் சுரண்டல?"

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். தூசி என்று சொல்லலாம். நாள் இல்லை என்று சொல்லலாம். இரண்டும் வாயில் வந்தன. இரண்டையும் அவர் சொல்லவில்லை. சுரண்டினால் என்னென்ன வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும். அதுதான் உண்மை.

"அந்தத் தகட்டைக் கொடுங்க" என்றார் செண்பகத்தம்மா.

வாங்கிக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் இன்னொரு தகடு தேடி எடுத்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.  பச்சைக்குக் கீழே நீலம் போட்ட சுண்ணாம்பு. அதற்குக் கீழே வெளிர்மஞ்சள். அதற்கும் கீழே வெறும் வெள்ளை, கல்யாணமான வருஷம் அடித்தது. செண்பகத்தம்மாவின் வெள்ளைச் சேலை முழுக்கத் தூசி. கண் இமையில்கூட.

ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பொக்கை தெரிந்தது.

"இது என்ன?"

"ஆணி அடிச்சது. காலண்டர் மாட்ட."

"இது?"

"பெஞ்சு இடிச்சது."

அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் வந்தார்கள். அங்கே சுண்ணாம்போடு ஒரு பட்டிக் கட்டியும் பெயர்ந்து விழுந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்குக் குழி. காரை உடைந்து செங்கல் தெரிந்தது.

"இது?"

"கதவு இடிச்சதும்மா."

"கதவு அந்தப் பக்கம்லா திறக்குது."

 செண்பகத்தம்மா அதை விட்டுவிட்டு அடுத்த இடத்தைச் சுரண்டப் போய்விட்டார். தகடு சுவரில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் மறுபடி கேட்பார், கேட்டால் சமாளிக்கலாம் என்று ஆவுடையப்பன் காத்திருந்தார். அவர் கேட்கவே இல்லை. அதுதான் ஆவுடையப்பனுக்குத் தாங்க முடியாமல் போனது.

"தண்ணிச் செம்பும்மா" என்றார்.

"விழுந்ததா?"

"சுவர்ல எப்படிம்மா விழும்? எறிஞ்சேன்."

"எதுக்கு?"

  எவ்வளவு யோசித்தும் ஆவுடையப்பனுக்குக் காரணம் நினைவுக்கு வரவில்லை. ரசத்தில் உப்பா, கேட்டதற்கு உடனே பதில் சொல்லாததா, எவனோ மேலதிகாரி மேல் இருந்த கோபமா. குழி இருக்கிறது, காரணம் இல்லை.

"ஞாபகம் இல்ல."

"அவுக எங்க நின்னாக?"

குழிக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினார். ஒரு சாண் தள்ளி.

"அங்கன போய் நில்லுங்க."

"நானா?"

"நின்னு பாருங்க."

ஆவுடையப்பன் சுவரில் முதுகை வைத்து நின்றார். வடிவு அவர் தோள் உயரம்தான். முழங்காலை மடக்கி அவள் உயரத்துக்குத் தாழ்ந்தார். காதுக்கு நேரே குழி இருந்தது. அங்கிருந்து எதிரே பார்த்தார். அவர் தினமும் பலகை போட்டுச் சாப்பிட உட்காருகிற இடம் நேரே தெரிந்தது. அங்கிருந்து எட்டி நாலு அடி வைத்தால் இங்கே வந்துவிடலாம். வாசல் அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அடுப்படிக்குப் பின்வாசல் கிடையாது. இந்த வீட்டில் அவர் பிறந்து வளர்ந்திருக்கிறார். இந்த இடத்திலிருந்து இந்தக் கூடத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

மடக்கிய முழங்கால் வலித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. செண்பகத்தம்மாவும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

வெகு நேரம் கழித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். செண்பகத்தம்மா வாசலுக்குப் போய்க் கைகால் கழுவிவிட்டு வந்தார்.

"இதைப் பூசிரட்டுமாம்மா?" குழியைப் பார்த்துக்கொண்டே ஆவுடையப்பன் கேட்டார்.

"எனக்கு என்ன தெரியும், என் சுவரா?"

"பின்ன யார்ட்ட கேக்க?"

"வாரவுகட்ட கேளுங்க."

குடையை எடுத்துக்கொண்டு தூறலில் நடந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆவுடையப்பன் வீடு முழுக்கச் சுரண்டினார். அடித்து முடித்த பச்சையையும் சேர்த்துச் சுரண்டினார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "மாப்பிள்ளை வீட்டைச் சோடிக்காருன்னு பார்த்தா உரிச்சுக்கிட்டு இருக்காரு" என்று டீக்கடையில் பேச்சு. அவர் காதிலும் விழுந்தது. முன்னெல்லாம் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் வெளியே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தை வடிவிடம் காட்டுவார். இப்போது காட்ட யாரும் இல்லை. தகட்டை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனார்.

மற்ற அறைகளுக்குப் பட்டி வைத்து, தேய்த்து, வெறும் வெள்ளை அடித்தார். சாப்பிடும் கூடத்தை மட்டும் சுரண்டியபடியே விட்டுவைத்தார். பெஞ்சையும் நாற்காலிகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கடைசியாகப் பீரோவுக்கு வந்தார்.

அது வடிவோடு வந்த பீரோ. அவளுடைய அப்பா செங்கோட்டையிலிருந்து தேக்கு வாங்கி வந்து, தன் வீட்டு முற்றத்தில் ஆசாரியை வைத்துச் செய்வித்துக் கொடுத்த சீர். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார்கள். மாமனார் கைராசி, மாமனார் ரசனை என்பார்கள். ஒரு தீபாவளிக்கு மாமனாரோடு ஏதோ மனக்கசப்பு. மறுநாளே பண்டகசாலையிலிருந்து இரண்டு டப்பா சாக்லேட் எனாமல் கொண்டுவந்து, மேலும் கீழும் உள்ளும் புறமும் அடித்துவிட்டார். இனிமேல் யாரும் தேக்கு என்று சொல்ல முடியாது. வடிவு அடுப்படிக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததைத் தன் வெற்றி என்று அவர் அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

இப்போது அந்த எனாமல் வருவதாக இல்லை. பெயின்ட்டை இளக்குகிற மருந்து தடவி, அது சுருங்கி நுரைத்ததும் தகட்டால் வழித்து, மறுபடி தடவி, மறுபடி வழித்து எடுத்தார். தெருமுனை ஆசாரி வந்து பார்த்துவிட்டு, மரத்தின் ரேகை போகிற பக்கமாகவே தேய்க்கச் சொன்னார், குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும் என்றார். அப்படியே தேய்த்தார். ஒரு நாள் மூலையில் இருந்த பெயின்ட் எவ்வளவு குடைந்தும் வராமல் உளி வழுக்கி விரலில் ஏறிவிட்டது. கோபம் பிடரியிலிருந்து சூடாகக் கிளம்பியது. உளியைக் கீழே வைத்தார். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சூடு இறங்கியதும் திரும்பி வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருந்தது.

சாக்லேட்டுக்குக் கீழே தேக்கு வந்தது. ரேகை ரேகையாக, தேன் நிறத்தில். மெல்லிய துணியில் பஞ்சைச் சுற்றி, அரக்குப் பாலிஷில் தொட்டுத் தொட்டு இழுத்தார். காயவிட்டு மறுபடி இழுத்தார். சாயந்தர வெயில் உள்ளறைக்குள் வரும்போது பீரோ மினுங்கியது. ஆவுடையப்பன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். வடிவு வந்து இதைத் திறந்து சேலைகளை அடுக்குவாள் என்று நினைத்துக்கொள்வார். மேல்தட்டைத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் அவளுக்கே விட்டுவிட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டார். இதெல்லாம் சின்ன நினைப்புகள்தான். ஆனால் அவருக்கு அதில் சந்தோஷமாக இருந்தது.

தை பிறந்து பொங்கல் கழிந்து, ஒரு புதன்கிழமை வடிவு வந்தாள்.

சந்துக்குள் லோடு ஆட்டோ நுழையாது. தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அவளோடு அண்ணன் மகன் தளவாய் வந்தான். ஆவுடையப்பன் வாசலில் நின்று பார்த்தார். லோடு ஆட்டோவிலா வருகிறாள், பெட்டி படுக்கையெல்லாம் கொண்டுவந்துவிட்டாள் போல என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எட்டிப் பார்த்தார். வண்டியின் பின்பக்கம் ஒரு கயிற்றுச் சுருளைத் தவிர வேறொன்றும் இல்லை.

"வா" என்றார்.

"வாரேன்" என்றாள். முடி நரைத்திருந்தது. உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. இதற்கு முன் அவளை இவ்வளவு நிமிர்ந்து நடந்து அவர் பார்த்ததில்லை.

உள்ளே வந்தாள். முன்கூடத்தைப் பார்த்தாள். உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடும் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"இது ஏன் இப்படி நிக்குது?"

"பூசல. உன்ட்ட கேட்டுட்டுப் பூசலாம்னு."

வடிவு குழியைப் பார்த்தாள். பக்கத்தில் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள்.

"நான்தான் எறிஞ்சேன்" என்றார் ஆவுடையப்பன். சொல்ல வேண்டியதாக இன்னும் எவ்வளவோ இருந்தது. பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். 

"ஆமா" என்றாள். "இது ஒன்னுதான் சுவர்ல பட்டது."

தளவாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பூசிரட்டுமா?" என்று கேட்டார் அவர். 

"பூசினாலும் சரி. விட்டாலும் சரி. இனி நான் பாக்கப் போறதில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அண்ணன் மாடியில எனக்குன்னு ஒரு ரூம் போட்டுக் குடுத்திருக்கான். அப்பா குடுத்த பீரோவை அங்க வைக்கணும்னு ஆசை. அதை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

பிடரியில் சூடு ஏறியது.  இத்தனை நாள் சுரண்டினது, தேய்த்தது, விரலில் இருந்த காயம், எல்லாம் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது. ஒரு துரும்பு இந்த வீட்டை விட்டு வெளியே போகாது என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது. அந்த வார்த்தை அவருக்குப் புதிதல்ல. வடிவு அவர் கையைப் பார்த்தாள். வேட்டி மடிப்போடு கிடந்த கை.

வெளியே தெருவில் யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் தேய்கிற வரைக்கும் ஆவுடையப்பன் வாயைத் திறக்கவில்லை.

"பாலிஷ் புதுசு" என்றார் கடைசியில். "வெறுமனே கயிறு போட்டா தடம் விழும். இரு."

தன் கட்டிலிலிருந்து ஜமுக்காளத்தையும் போர்வையையும் எடுத்து வந்தார். வடிவு அதற்குள் பீரோவின் முன்னால் போய் நின்றிருந்தாள். கதவைத் திறந்து மூடினாள். மரத்தைத் தடவினாள். விரல்கள் ரேகை வழியே மேலிருந்து கீழே இறங்கின.

"யார் தேய்ச்சது?"

"நான்தான்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து கீழ்மூலையைப் பார்த்தாள்.

"இங்க இன்னும் கொஞ்சம் பெயின்ட்டு ஒட்டியிருக்கு."

"அது வரல. இப்ப உளி எடுத்துட்டு வந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

அவரே சுற்றிக் கட்டினார். தளவாயும் வண்டிக்காரனும் ஒரு பக்கம் பிடிக்க, அவர் இன்னொரு பக்கம் பிடித்துத் தூக்கினார். நிலைப்படியில் இடிக்காமல் சாய்த்து, சந்து வழியே கொண்டுபோய் வண்டியில் ஏற்றினார். தட்டுப் பலகைகளை எடுக்கத் திரும்பி வந்தபோது வடிவு அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு முதுகு காட்டி நின்றாள்.

"சாப்பிட்டுட்டுப் போயேன். நானே பொங்கிருவேன்."

"இல்ல. வெயிலுக்கு முன்ன போய்ச் சேரணும்." டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "உடம்பைப் பாத்துக்கிடுங்க."

தளவாய் வந்து பலகைகளை வாங்கிக்கொண்டு போனான். வடிவு வாசலில் செருப்பை மாட்டினாள். சந்தில் இறங்கி நடந்தாள். ஆவுடையப்பன் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் தெருமுனையில் ஏறிப் போகிற வரை நின்றார்.

மத்தியானம் மடத்துக்குப் போனார். செண்பகத்தம்மா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆவுடையப்பன் எதிரே உட்கார்ந்தார்.

"வந்தாகளா?"

"வந்தா. பீரோவை எடுத்துட்டுப் போயிட்டா. அதுக்குத்தான் வந்திருக்கா."

"நீங்க?"

"நான் ஒன்னும் சொல்லலம்மா. கோவம் வந்துச்சு. அது இறங்குற வரைக்கும் நின்னேன். போர்வை சுத்திக் கட்டி, நானே ஒரு பக்கம் பிடிச்சு ஏத்திவிட்டேன்."

"ம்."

"அப்பவும் போயிட்டாளே."

செண்பகத்தம்மா காம்பை ஒடித்துப் போட்டார். 

"மாறினா என்ன, மாறாட்டா என்னம்மா. அவளுக்குத் தெரியவே இல்லையே."

"ஏன் அப்படிச் சொல்லுதீய?"

"ஆறு வருஷத்துக்கு முன்ன போனாள்லா, அன்னைக்குத் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா. அழுதுக்கிட்டுத்தான் போனா, ஆனாலும் பாத்தா. மனசு இங்கனதான் கிடக்கு, என்னை விட்டுட்டு இருக்க மாட்டான்னு நினைச்சேன். அந்த ஒரு பார்வையை வச்சுத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்." மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "இன்னைக்கு வாசல்லயே நின்னேம்மா. ஒரு தடவ திரும்பல. நேரா பாத்து, கையை வீசிக்கிட்டு, கோயிலுக்குப் போறவ மாதிரி போறா. அன்னைக்கு இருந்த பாசம்கூட இன்னைக்கு இல்ல."

செண்பகத்தம்மாவின் கை நின்றது.

"அண்ணாச்சி" என்றார். "அன்னைக்கு அவுக திரும்பித் திரும்பிப் பாத்தது, நீங்க பின்னால வாரீயளான்னு பயந்துபோய். இன்னைக்கு அப்படிப் பாக்கத் தேவையில்லாமப் போச்சு."